நானூற்றுப் பதின்மூன்றாவது பாகம்

ஒரு டிராக்டர் பழுதாகி நின்றால் அதைச் சரிசெய்ய வேண்டும். இதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் இரண்டு கட்சிகள் உண்டு. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டிராக்டரிடம் போகிறவர்கள் ஒரு கட்சி. பேனாவை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறவர்கள் மற்றொரு கட்சி. இந்தக் கதையில் வரும் கணவர் பேனாக் கட்சி. அவருடைய மனைவியும், பட்டறை வைத்திருக்கும் தம்பியும் ஸ்பேனர் கட்சி. டிராக்டர் ஒன்றுதான்.

அந்த டிராக்டர் கணவரைவிட ஆறு வயது மூத்தது. இரண்டு சிலிண்டர், ஒரு புகைக்குழாய், காலையில் சில்லிட்டு மதியம் சுடுகிற இரும்பு இருக்கை. அதன் நிறம் என்ன என்று கேட்டால் அந்த வீட்டில் கணவர், மனைவி, தம்பி, தம்பி மனைவி நாலு பேரும் நாலு நிறம் சொல்வார்கள். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய நாலு ஏக்கர் நிலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வாய்க்கால்மேல் ஒரு குறுகிய பாலம். அக்கம்பக்கத்துப் புது டிராக்டர்கள் அந்தப் பாலம்வரை கம்பீரமாக வரும். பாலத்தைப் பார்த்ததும் வந்த கம்பீரத்தோடேயே பின்பக்கமாகத் திரும்பிப் போகும். இந்தக் கிழட்டு டிராக்டர் மட்டும் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை இடம் விட்டு நுழைந்துவிடும்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஊரில் ஒரு நாகரிகம் பரவியது. பழைய பொருள் ஒன்று வைத்திருப்பது பெருமை. அதற்குத் 'தொன்மைப் பொறிகள் பேணல் ஆணையத்தின்' பித்தளைத் தகடு வாங்குவது பெரும் பெருமை. முடிதிருத்துபவர் தம் கடையின் சுழல் நாற்காலிக்குத் தகடு வாங்கினார். தகடு பெற்ற நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மெத்தை தேயும். ஆகவே வாடிக்கையாளர்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே சவரம் செய்துகொண்டார்கள். காதோரம் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும், தகடு உள்ள கடையில் வெட்டுப்பட்டோம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. தையற்காரர் தம் மிதி மெஷினுக்குத் தகடு வாங்கினார். அன்றிலிருந்து கையால் தைத்தார்.

கணவரால் பொறுக்க முடியவில்லை. தாமும் ஒரு விண்ணப்பம் போட்டார். ஆணையத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். எஞ்சினில் உள்ள பாகங்களை ஒரு நாள் முழுவதும் எண்ணி நானூற்றுப் பன்னிரண்டு என்று பதிவேட்டில் எழுதினார்கள். டிராக்டரை உழவிட்டு, அதன் ஓசையை ஒரு கருவியில் பிடித்துக்கொண்டார்கள். பிறகு முன்மூடியில் தகடு அறைந்தார்கள். ஓடும் பொறிகளுக்கு ஆணையம் சற்று இரக்கம் காட்டியது: ஓட்டலாம். ஆனால் பதிவு செய்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும்.

"அப்படியே இருக்கணும்னா, எண்ணெய் ஊத்தலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"அது பொறிக்குள்ள வராதாம். உணவுப் பிரிவுல வருதாம்" என்றார் கணவர், மிகுந்த மரியாதையோடு.

இப்போது கதைக்கு வருவோம்.

மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்தது. நாலாம் நாள் காலை மனைவி வயலுக்குப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். உருண்டையாக வந்தது. விரலால் தட்டினாள். உதிர்ந்தது. உழவுக்கு இதுதான் பக்குவம். அந்த மண்ணில் இந்தப் பக்குவம் எட்டு நாள் நிற்கும். ஒன்பதாம் நாள் மண் ஓடு மாதிரி இறுகிவிடும். அதற்குப் பிறகு உழவும் இல்லை, விதைப்பும் இல்லை, அந்த வருடத்துச் சாப்பாடும் இல்லை.

மனைவிதான் டிராக்டர் ஓட்டுவாள். கணவருக்கு ஓட்டத் தெரியாது. தகட்டைத் துடைக்கத் தெரியும். முதல் சால் பாதிகூடப் போகவில்லை. எஞ்சினுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பட்டறையிலிருந்து தம்பி வந்தான். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினான். வால்வை அமுக்கித் திறக்கும் ஒரு சிறிய இரும்புக் கை உண்டு. அதற்கு ராக்கர் என்று பெயர். இரண்டாவது சிலிண்டரின் ராக்கர் கழுத்தில் உடைந்து இரண்டு துண்டாகக் கிடந்தது.

"ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன் அண்ணி. இதோட நட்டு லூசா இருந்தது. டொக்கு டொக்குன்னு தட்டிட்டே இருந்தது. அன்னிக்கே ஒரு முறுக்கு முறுக்கவிட்டிருந்தா உடைஞ்சிருக்காது. அண்ணன்தான் தகடு இருக்கு, தொடாதேன்னுட்டாரு."

"இப்ப என்ன பண்ணலாம் தம்பி?"

"இது வார்ப்பிரும்பு. பித்தளை வெச்சுப் பத்தவெச்சு, சாம்பல்ல புதைச்சு ஒரு ராத்திரி மெதுவா ஆறவிடணும். நாளைக்குக் காலைல மாட்டிடலாம். மத்தியானம் உழலாம்."

"அப்ப ஆரம்பி. உங்கண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"அண்ணன் எங்க?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வரப்பின்மேல் நின்றுகொண்டு கணவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க ஐயா, தகடு எண் எழுபத்தாறு. இரண்டாகத்தாங்க ஐயா. நானே என் கண்ணால பார்த்தேங்க ஐயா" என்பது காற்றில் வந்தது.

பக்குவத்தின் இரண்டாம் நாள் ஆணையத்தின் ஆய்வாளர் வந்தார். சட்டைப்பையில் எப்போதும் ஓர் எஃகு அளவுகோல் வைத்திருப்பதால் அளவுகோல் என்றே ஊரில் அவரைச் சொல்வார்கள். அளவுகோல் உடைந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் துணியில் வைக்கச் சொன்னார். ஒன்றை அளந்தார். மற்றொன்றை அளந்தார். பதிவேட்டைப் புரட்டினார். முகம் இருண்டது.

"எஞ்சினில் பாகங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. சரிதானே?"

"சரிதாங்க ஐயா" என்றார் கணவர்.

"இப்போ நானூற்றுப் பதின்மூன்று இருக்கு."

கணவர் துணியிலிருந்த துண்டுகளை விரலால் எண்ணினார்.

"ஒண்ணு கூடியிருக்கே. எங்கேயிருந்து வந்தது?"

"வெளியில இருந்து வரல சார். உள்ள இருந்த ஒண்ணே ரெண்டாயிடுச்சு" என்றான் தம்பி.

"அதைத்தான் கேக்கறேன். முன் அனுமதி இல்லாம பாகங்களைக் கூட்டுறது ஏழாவது விதிப்படி குற்றம். குறைக்கிறது எட்டாவது விதிப்படி குற்றம். உங்களுக்கு இப்போ ஏழு. பத்தவெச்சா எட்டு."

"பத்தவெச்சா பழையபடி நானூத்திப் பன்னெண்டு ஆயிடுமே சார். சரியாத்தானே போகும்?"

"சரியாப் போகும்கிறது விளைவு. நான் செயலைப் பத்திப் பேசறேன்" என்றார் அளவுகோல். பிறகு கணவரிடம் ஓர் அறிவிப்பைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். 'தங்கள் பொறுப்பிலிருந்த தொன்மைப் பாகம் ஒன்றினை இரண்டாகப் பெருக்கம் செய்தமைக்குத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று அதில் கேட்டிருந்தது.

"நான் பெருக்கலீங்க ஐயா! அதுவா உடைஞ்சது!"

"அதுவா உடைஞ்சதுன்னு யார் சாட்சி?"

"நான்தான் ஓட்டினேன். நான் சாட்சி" என்றாள் மனைவி.

"அப்போ நீங்க சாட்சி இல்லைம்மா. நீங்க உடந்தை."

மூன்றாம் நாள் மனைவி விடியற்காலையில் வயலுக்குப் போய் மண்ணை அமுக்கிப் பார்த்தாள். இன்னும் உருண்டையாக வந்தது. கணவரைக் கிளப்பிக்கொண்டு ஆணையத்துக்குப் போனாள்.

அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டின் கைப்பிடி உடைந்து கயிற்றால் கட்டியிருந்தது. அதற்கும் ஒரு தகடு உண்டு. ஆணையர் நல்ல மனிதர். எல்லாக் கோப்புகளையும் தாமே படிப்பார். அதனால்தான் எந்தக் கோப்பும் அவருடைய மேஜையைவிட்டு அசைவதில்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு நீண்ட நேரம் யோசித்தார்.

"இதுக்கு ஒரு வழி இருக்கு. உடைவதற்கு நீங்க முன் அனுமதி கேட்டிருக்கணும். கேக்கலை. பரவாயில்லை. இப்போ கேளுங்க. முன்தேதியிட்டு நான் அனுமதி தரேன்."

"எதுக்கு அனுமதி சார்?" என்றாள் மனைவி.

"உடையறதுக்கு."

"அது உடைஞ்சு மூணு நாள் ஆச்சே."

"அதனாலதாம்மா முன்தேதி. அனுமதி கிடைச்சுட்டா அது முறைப்படி உடைஞ்சதா ஆயிடும். முறைப்படி உடைஞ்சதைத்தான் முறைப்படி சரிசெய்ய முடியும். முறையில்லாம உடைஞ்சதை வெச்சு நான் என்ன பண்றது?"

கணவர் மனைவியின் பக்கம் திரும்பி, "பாரு, எவ்வளவு தெளிவா சொல்றாரு" என்றார்.

விண்ணப்பத்தில் பதினோரு கேள்விகள். ஏழாவது கேள்வி: 'உடைவதன் நோக்கம்.' கணவர் பேனாவைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மனைவி பேனாவைப் பிடுங்கி, 'உழவு' என்று எழுதிக் கொடுத்தாள். ஆணையர் அதைப் படித்துத் தலையசைத்தார். சுருக்கமான விடை, ஆனால் விதிக்கு முரணில்லை.

நாலாம் நாள் மதியம் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, நான்கு நாள் முன்னதாக ராக்கர் உடையலாம் என்ற அனுமதி. இரண்டு, அதைப் பற்றவைக்க அனுமதி. இரண்டாவதில் ஒரு நிபந்தனை இருந்தது: புதிதாகச் சேர்க்கும் எந்த உலோகமும் பொறியைவிட வயதில் இளையதாக இருக்கக் கூடாது. மேற்பார்வைக்கு அளவுகோல் வந்திருந்தார்.

தம்பி பட்டறையில் நெருப்பு மூட்டி வைத்திருந்தான். கையில் பித்தளைக் கம்பி.

"இந்தக் கம்பிக்கு வயசு என்ன?"

"போன வாரம் கடையில வாங்கினது சார்."

"முடியாது."

"கம்பிதான் சார் போன வாரம். பித்தளை அப்படியில்லையே. செம்பும் துத்தநாகமும் பூமிக்குள்ள எத்தனையோ கோடி வருஷமாக் கிடந்தது."

அளவுகோல் இதை எதிர்பார்க்கவில்லை. குறிப்பேட்டில் எழுதினார். கூட்டிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "கோடி வருஷம்னா டிராக்டரைவிட ரொம்ப மூத்ததாப் போயிடும். பொறிக்குள்ள வயசு ஒத்துப்போகணும். ஐந்து வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். கோடியெல்லாம் முன்னே போக முடியாது."

தம்பி நெருப்பைப் பார்த்தான். நெருப்பு அணையத் தொடங்கியிருந்தது. மனைவி வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது வாசற்கதவின் பித்தளைத் தாழ்ப்பாள் அவள் கையில் இருந்தது.

"இந்த வீடு கட்டின வருஷமும் டிராக்டர் வாங்கின வருஷமும் ஒண்ணு. பத்திரம் காட்டவா?"

பத்திரத்தைக் காட்டிய பிறகு தாழ்ப்பாள் உருகியது. அன்று முதல் அந்த வீட்டின் கதவு சாத்தினால் சாத்தியபடி நிற்காது. ஒரு கல்லை முட்டுக்கொடுக்க வேண்டும். ராக்கர் என்னவோ அழகாகச் சேர்ந்தது. தம்பி அதைச் சாம்பலில் புதைத்துவிட்டு, பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தான், யாராவது வந்து சாம்பலின் வயதைக் கேட்டுவிடப் போகிறார்களே என்று.

ஐந்தாம் நாள் காலை ராக்கரை மாட்டினான். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு மெல்லிய எஃகுத் தகட்டின் கனத்துக்கு மட்டும் இடைவெளி இருக்க வேண்டும். அந்த எஃகுத் தகட்டை நுழைத்துப் பார்த்து, நட்டை முறுக்கினான். மனைவி கிளப்பினாள். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. ஒரு தட்டல் இல்லை, ஓர் உதறல் இல்லை. புகைக்குழாயில் புகைகூடத் தெரியவில்லை.

"அண்ணி, இது வாங்கின புதுசுலகூட இப்படி ஓடியிருக்காது!"

அவள் கலப்பையைக் கோக்கப் போனாள். அளவுகோல் கையை நீட்டித் தடுத்தார். "ஒலிப் பிரிவு இன்னும் பார்க்கலை. வண்டியை வீட்டுக் களத்துக்குக் கொண்டு போங்க."

ஆறாம் நாள் ஒலி அலுவலர் வந்தார். இரண்டு காதிலும் பெரிய கேட்பான், தோளில் ஒரு பெட்டி. பளபளக்கும் தோல் செருப்பு. களத்தில் டிராக்டரைக் கிளப்பச் சொல்லிக் கேட்டார். பிறகு பெட்டியில் இருந்த பழைய பதிவைக் கேட்டார். மறுபடி டிராக்டரைக் கேட்டார். கேட்பானைக் கழற்றினார்.

"இதுல இருந்த தட்டல் எங்கே?"

"அதைத்தான் சார் சரிபண்ணிட்டோம்" என்றான் தம்பி.

"யாரைக் கேட்டு? பதிவுல நிமிஷத்துக்கு முந்நூறு தட்டல் இருக்கு. டொக்கு, டொக்கு, டொக்குன்னு. அது இந்தப் பொறியோட குரல். அந்தக் குரலை எங்கே வெச்சிருக்கீங்க?"

"சார், அது குரல் இல்லை. நோய். அதனாலதான் உடைஞ்சதே."

"அது மெக்கானிக்கோட கருத்து. பதிவேட்டுல நோய்னு எழுதலை. ஒலின்னு எழுதியிருக்கு." அவர் குறிப்பு எழுதினார்: ஒலிச் சோதனை, தவறியது. "திரும்பத் தட்ட வைங்க. சோதனையில தேறாம உழவுக்கு எடுக்கக் கூடாது. சோதனைக்கு மட்டும்தான் ஓட்டலாம்."

தம்பி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். "அண்ணி, நான் வேணா இப்பவே நட்டைத் தளர்த்திவிட்டுடறேன். தேறிடும். ஆனா அப்படித் தளர்த்தினா வால்வு பாதிதான் திறக்கும். இழுவை இருக்காது. கலப்பை மண்ணைச் சுரண்டும், கிளறாது."

மண்ணுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. மனைவி டிராக்டரைப் பார்த்தாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு ஒலி அலுவலரின் பெட்டியைப் பார்த்தாள்.

"சார், அந்தப் பழைய சத்தத்தை எங்க வெச்சுப் புடிச்சீங்க?"

"வயல்ல. உழும்போது. இதோ எழுதியிருக்கே."

"இப்ப களத்துல வெச்சுக் கேக்கறீங்களே. அது முறையா?"

ஒலி அலுவலர் திடுக்கிட்டார். இருபது வருட வேலையில் அவரை யாரும் முறை தவறியவர் என்று சொன்னதில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். 'பதிவு நிகழ்ந்த அதே சூழலில், ஒவ்வொரு முறையும் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல்' என்று இருந்தது.

"அந்தம்மா சொல்றது சரி. வயலுக்குப் போகணும். கலப்பையைக் கோத்துக்கணும்."

"ஒருவேளை அங்கேயும் தவறிட்டா?"

"மறு சோதனை."

"எத்தனை தடவை?"

"தேறுகிற வரைக்கும். ஆணையம் யாரையும் கைவிடாது."

"ரொம்ப நல்லதுங்க சார்" என்றாள் மனைவி. தம்பியைப் பார்த்து, "நட்டை நல்லாப் பார்த்துக்கோ தம்பி" என்றாள்.

தம்பி ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. கணவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

அன்று மாலைக்குள் நான்கு சோதனைகள் நடந்தன. மனைவி ஓட்டினாள். கலப்பை ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைப் புரட்டிக்கொண்டு போனது. பின்னால் ஒலி அலுவலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் அளவுகோல் குறிப்பேட்டோடு நடந்தார். அவருக்கும் பின்னால் கணவர், "கடவுளே, இந்தத் தடவையாவது தட்டணும்" என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்.

நாற்பது நிமிடம் முடிந்ததும் அலுவலர் கையைத் தூக்குவார். "தட்டலே இல்லை. தவறியது."

"அடடா!" என்பாள் மனைவி. தம்பி ஓடி வந்து மேல்மூடியைத் திறந்து, நட்டை இந்தப் பக்கம் கால் சுற்றும் அந்தப் பக்கம் கால் சுற்றும் சுற்றிவிட்டு மூடுவான். "இப்ப பாருங்க சார். இந்தத் தடவை நிச்சயம்."

ஏழாம் நாள் எட்டுச் சோதனைகள். அலுவலரின் செருப்பில் ஒன்று மூன்றாவது சோதனையில் சேற்றுக்குள் போனது. ஐந்தாவது சோதனையில் கலப்பை அதை மண்ணுக்குள் சேர்த்துவிட்டது.

"என்னம்மா இது, போகப் போகச் சத்தம் குறையுதே!"

"எனக்கும் அதாங்க சார் கவலை. அதோ அந்த மூலைல மண்ணு கொஞ்சம் கெட்டி. அங்க ஒரு தடவை பார்த்துடலாமா?"

"பார்த்துடலாம்" என்றார் அலுவலர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

எட்டாம் நாள் மூன்று மணிக்குப் பதினேழாவது சோதனை தவறியது. மூன்றே முக்கால் ஏக்கர் உழுதாகிவிட்டது. பாக்கி இருந்தது மேற்கு ஓரத்தில் ஒரு பட்டை நிலம். சாயங்காலத்துக்குள் அதையும் முடித்துவிடலாம். அப்போது அளவுகோல் முன்னால் வந்தார்.

"பதினெட்டாவது சோதனையிலும் தவறினா பொறியை ஆணையத்தின் காட்சிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகணும். விதி. ஒலிப் பிரிவுக்கு வரம்பு இல்லை, எங்க பிரிவுக்கு உண்டு. முன்கூட்டியே சொல்லிடறேன்."

மனைவி இருக்கையிலிருந்து இறங்கினாள். மீதமிருந்த பட்டையைப் பார்த்தாள். அதைவிடப் பெரியது, உழுது கிடந்த கறுப்பு மண். தம்பியின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்:

"தட்டவிடு."

தம்பி நட்டை மூன்று சுற்றுத் தளர்த்தினான். டிராக்டர் கிளம்பியது. டொக்கு. டொக்கு. டொக்கு. புகைக்குழாய் கரியைக் கக்கியது. கலப்பை மண்ணின் மேல்தோலைக் கோழி சீய்ப்பதுபோல் சீய்த்துக்கொண்டு போனது. ஒலி அலுவலர் கண்களை மூடிக்கொண்டார். ஒரு காலில் செருப்போடு, மற்றொரு காலில் சேற்றோடு, அவர் முகம் குழந்தையின் முகம்போல் ஆனது.

"ஆகா! இதுதான். இதேதான்!"

பதினெட்டாவது சோதனை தேறியது. அங்கேயே, வரப்பின்மேல் உட்கார்ந்து சான்றிதழ் எழுதினார்: 'மேற்கு ஓரப் பட்டை மட்டும் பொறியின் அசல் ஒலியுடன் உழப்பட்டது. மீதி நிலத்தில் நிகழ்ந்தவை தவறிய சோதனைகள்.' கணவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். அழுதார் என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் காலை மண் ஓடு மாதிரி இறுகிப்போயிருந்தது, உழாத இடங்களில். உழுத இடத்தில் மனைவி விதைத்தாள். நாலு ஏக்கரும் விதைத்தாள். தவறிய சோதனைகளில் பயிர் இடுப்பு உயரம் வளர்ந்து கதிர் சாய்ந்தது. தேறிய பட்டையில் முழங்கால் உயரம் வந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பதரோடு நின்றது.

அறுவடை முடிந்தது. மனைவி நல்ல தானியத்தை மூட்டை மூட்டையாகக் களத்தில் அடுக்கினாள். மேற்குப் பட்டையில் விளைந்தது ஒன்றரை மூட்டை. அதை மாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

வாங்க வந்தவர்கள் அந்த ஒன்றரை மூட்டையைச் சுற்றித்தான் நின்றார்கள்.

ஒலி அலுவலர் ஆணையத்தின் மாத இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 'அசல் ஒலியில் உழுத ஒரே நிலத்துண்டு' என்பது தலைப்பு. அதை முடிதிருத்தும் கடையில் நின்றபடியே எல்லாரும் படித்திருந்தார்கள்.

"இதுதானேம்மா தேறின பட்டையில விளைஞ்சது?"

"ஆமா. ஆனா அது பதருங்க. இதோ, இந்த மூட்டையைப் பாருங்க. ஒரு மணி எடுத்துக் கடிச்சுப் பாருங்க."

தையற்காரர் ஒரு மணியை வாங்கிக் கடித்தார். நன்றாக இருந்தது. ஆனாலும் துப்பினார். "இது தவறின உழவுல விளைஞ்சதாமே? பதினேழு தடவை தவறியிருக்கு. தெரிஞ்சே யாராவது வாங்கிட்டுப் போவாங்களா? வீட்டுல புள்ளைங்க இருக்கு."

பதர் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. கடைசிப் பிடிக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். நல்ல தானியத்தை அந்த வீட்டார் நாலு பேரும் வருடம் முழுவதும் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு உடம்பு நன்றாகத் தேறியது. ஆனால் ஊரில் மரியாதை இல்லை.

அடுத்த வருடம் மழை பெய்து ஓய்ந்தது. மண் பக்குவத்துக்கு வந்த அன்று தம்பி ஸ்பேனரும் அந்த மெல்லிய தகடும் எடுத்துக்கொண்டு வந்தான். மேல்மூடியைக் கழற்றினான். போன வருடம் மூன்று சுற்றுத் தளர்த்திய நட்டில் ஸ்பேனரை வைத்தான்.

மனைவி அவன் கையைப் பிடித்தாள்.

"அதைத் தொடாதே தம்பி."

"அண்ணி, இப்படியே ஓட்டினா ஒரு சால்கூட ஆழமா விழாது."

"தெரியும்."

"விளைச்சல் கால்வாசிகூடத் தேறாது."

"தெரியும்."

"மறுபடி உடையும்."

"உடையறதுக்கு உங்கண்ணன் முந்தாநாளே அனுமதி வாங்கிட்டாரு."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அவள் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கிளப்பினாள். டொக்கு, டொக்கு, டொக்கு என்று வண்டி பாலத்தை நோக்கி நகர்ந்தது. பின்னாலேயே தம்பி நடந்தான்.

பாலத்தின் அந்தப் பக்கம், வரப்பு நெடுக, அறுவடைக்கு இப்போதே பெயர் பதிந்துகொள்ள ஒரு வரிசை நின்றிருந்தது. எல்லாரும் கண்களை மூடிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்களை நினைத்துச் சிரிக்கத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

வரிசையில் மூன்றாவதாக, கையில் துணிப்பையோடு, அவனுடைய சொந்தப் பெண்டாட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அங்கேயே நிக்கறீங்க?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "வந்து எனக்குப் பின்னால நில்லுங்க. ஆளுக்கு ஒரு படிதானாம்."